கரண்டியை அவளே கேட்கட்டும்

கண்ணு,

போன வாரம் நீ போனில் சொன்னதற்கு "சரி, பாக்கலாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். உனக்கு அது சம்மதம் மாதிரிக் கேட்டிருக்கும். சம்மதம் இல்லை. கோபம் வந்தால் எனக்குப் பாதிப் பேச்சுதான் வெளியே வரும், மீதி தொண்டையிலேயே நின்றுவிடும். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். நேற்று ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் நான் செய்ததை இதற்குள் யாராவது அரைகுறையாக உன் காதில் போட்டிருப்பார்கள். முழுசாக என்னிடமிருந்தே கேட்டுக்கொள். இதை உனக்கு அனுப்பிவிட்டு, நம் சபைக்காரர்களின் வாட்ஸப் குழுவிலும் போடப்போகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையே விளக்கிக்கொண்டிருக்கிறேனே என்று சலித்துக்கொள்ளாதே. அந்தக் குழுவில் இப்போது சத்தமாகப் பேசுகிற இளவட்டங்கள் பலருக்கு அவை தெரியாது, தெரிந்தவர்கள் மறந்துவிட்டார்கள்.

நீ சொன்னது இதுதான். தை மாதம் உனக்கும் சுகன்யாவுக்கும் நம் சபை மண்டபத்தில் கல்யாணம். தாலி கட்டுவதற்கு முன்னால் அவள் விளக்கின் முன் நின்று, இனி கறி, முட்டை, பால், நெய், தேன் எதையும் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்யவேண்டும் என்று குழுவில் எழுதியிருக்கிறார்கள். நாமகிரிப்பேட்டையில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறவர் மகள் என்பதால் இந்தப் புது ஏற்பாடு. நீயும் சண்டை வேண்டாமென்று, "ஒரு வரிதானம்மா, சொல்லிட்டுப் போகட்டும். பெங்களூர்ல எங்க ஊட்டு அடுப்படிய யாரு வந்து எட்டிப் பாக்கப்போறாங்க?" என்றாய். ஏன் சாமி, கட்டிக்கொள்ளப்போகிறவளிடம் நீ முதன்முதலாகக் கேட்கிற காரியம் ஒரு பொய்யா?

கோபத்தைக் கொஞ்சம் தள்ளிவைக்கிறேன். முதலில் உன் மூக்கைப் பற்றிச் சொல்லவேண்டும். பெண் பார்க்கப் போன அன்று சுகன்யாவின் அம்மா நமக்காகப் புதுச்சட்டி வாங்கியிருந்தார். பழைய சட்டியில் எப்போதாவது முட்டை வேகவைத்திருப்போம், இவர்களுக்கு ஆகாது என்று அவரே யோசித்துச் செய்தது. ஒப்புட்டுப் போளிக்கு நெய் தொடாமல் நல்லெண்ணெய் விட்டுச் சுட்டிருந்தார். பாயசத்துக்குத் தேங்காய்ப்பால். அதையெல்லாம் தட்டில் வைத்துக் கொண்டுவந்து உன் முன்னால் நீட்டினார். நீ என்ன செய்தாய்? டம்ளரை வாங்கி மூக்குக்குக் கொண்டுபோனாய். மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தாய். நம் ஆட்களுக்கு இது ஒரு பழக்கம். பஸ் ஸ்டாண்டு இட்லியையும் மோப்போம், கோயில் பிரசாதத்தையும் மோப்போம். நெய்யா எண்ணெயா என்று நம் மூக்கு சொல்லிவிடும் என்று பெருமை வேறு. அந்த அம்மாவின் முகம் சுண்டிப்போனதை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். "தேங்காப்பாலுங்க மாப்ள. காத்தாலதான் நானே திருவிப் பிழிஞ்சனுங்க" என்றார். நீ தலையாட்டிவிட்டுக் குடித்தாய்.

இவ்வளவு சொல்வதால் நம் சபையை நான் குறைவாக நினைக்கிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். வாழப்பாடிப் பக்கத்திலிருந்து இங்கே வாழ வந்தவள் நான். வெளியிலிருந்து வந்தவளுக்குத்தான் இதன் அருமை கூடுதலாகத் தெரியும். புதுச்சத்திரம் மெயின் ரோட்டை விட்டு உள்ளே வந்தால் நாற்பது ஐம்பது குடும்பம். சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் கோழிப் பண்ணை, தீவன வாசம், அட்டி அட்டியாக அடுக்கிய முட்டை ஏற்றிப் போகிற வண்டிகள். நாடே முட்டை என்றால் கை காட்டுகிற ஊருக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, முட்டை மட்டுமில்லை, மாட்டின் மடியில் சுரப்பது கன்றுக்குத்தான் என்று ஒரு சொட்டுப் பால்கூடத் தொடாமல் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். அதற்காக யாரிடமும் முறைத்துக்கொண்டதில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் வீட்டு விசேஷத்துக்கு நாம் பந்தல் கட்டப் போவோம். நம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு முட்டை லாரி ஓட்டுகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து உட்காருவார்கள்.

அந்தச் சாப்பாட்டைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. கொள்ளுப் பருப்பை வேகவைத்து, தண்ணீரை ரசத்துக்கு எடுத்துக்கொண்டு, பருப்பைச் சின்ன வெங்காயம் சீரகம் போட்டுக் கடைவோம். மரவள்ளிக் குச்சிக்கிழங்கைத் தாளித்து, மேலே தேங்காய்த் துருவல். பச்சைப்பயறு கடைசல், கம்மஞ்சோறு, எள்ளுத் துவையல். இடியாப்பம் மாதிரி சந்தகை பிழிகிற ஞாயிறு என்றால் வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் ஊற்றிப் பெரியவர்களே மூன்று தடவை வாங்கிச் சாப்பிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே கடலை மோர். நிலக்கடலையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, காய்ச்சி, சூடு ஆறி வரும்போது காம்போடு பச்சைமிளகாயைப் போட்டு மூடிவைத்தால் மறுநாள் தயிராக நிற்கும், கடைந்தால் மோர். பால்கார வீட்டில் பிறந்த எனக்கே முதல் தடவை குடித்தபோது வித்தியாசம் பிடிபடவில்லை. யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் கைக்குத் தங்கக் காப்புப் போடலாம். ஒன்றை விட்டுவிட்டோமே என்று ஏங்கிக்கொண்டு உண்கிற சாப்பாடு இல்லை அது. உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்.

ஆனால் நான் இந்தச் சபையில் மனசைக் கொடுத்தது சாப்பாட்டுக்காக இல்லை, பரிமாறுகிற முறைக்காக. சின்னவர்களே, இந்த இடத்தை நின்று படியுங்கள். நம் சபையில் கரண்டி பிடித்தவர் என்றால், இந்தச் சாப்பாடே என் சாப்பாடு என்று மனசறிய ஏற்றுக்கொண்டவர். அவர்தான் பரிமாறலாம், அவர் சாப்பிடுவது கடைசிப் பந்தியில். மற்ற எல்லோரும் விருந்தாளி. விருந்தாளிக்கு முதல் பந்தி, முதல் இலை. வெளியூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மருமகளும் விருந்தாளி, மருமகனும் விருந்தாளி. இங்கேயே பிறந்த பிள்ளைகளும் விருந்தாளிதான். என்றைக்கு ஒருவர் தானாக எழுந்துவந்து "எனக்கொரு கரண்டி குடுங்க" என்று கேட்கிறாரோ, அதுதான் சத்தியம். வேறு சத்தியம் இங்கே கிடையாது. கேட்காமலே ஆயுசு முழுக்க முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. அவர்கள் இலையில் ஒரு நாளும் ஒரு பருக்கை குறைத்து வைத்ததில்லை.

நீயே படிப்பு முடித்து வந்த பிறகுதானே கரண்டி கேட்டாய்? அதற்கு முன்னால் நாலு வருஷம் ஹாஸ்டலில் இருந்தாயே, ஆம்லெட் சாப்பிட்டாயா என்று நானோ அப்பாவோ ஒரு வார்த்தை கேட்டோமா? பதில் சொல்லாதே. குழுவில் எல்லோரும் படிக்கிறார்கள்.

என் கதையையும் சொல்கிறேன். எங்கள் அப்பாவுக்குப் பால் வியாபாரம். நாலைந்து மாடு, சைக்கிளில் கேன், வாழப்பாடித் தெருவெல்லாம் ஊற்றுவார். பால் டீயில் கண் விழித்து வளர்ந்தவளை இங்கே கொடுத்தார்கள். வந்த ஒரு வாரத்தில் எனக்குத் தலைவலி தொடங்கிவிட்டது. கடுங்காப்பி கொடுத்தார்கள், சுக்குக் காப்பி கொடுத்தார்கள், ஒன்றுக்கும் அடங்கவில்லை. உன் அப்பா இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் சாயங்காலம், "கெளம்பு, ரோட்டு வரைக்கும் போயிட்டு வரலாம்" என்று வண்டியை எடுத்தார். மெயின் ரோட்டில் பேக்கரி முன்னால் நிறுத்தி, ஒரு பால் டீயும் ஒரு பால் ஊற்றாத டீயும் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "யாராச்சும் பாத்தா என்னங்க சொல்லுவாங்க?" என்றேன். "டீ குடிக்கறான்னு சொல்லுவாங்க" என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு. அதன் பிறகு வாரத்துக்கு ரெண்டு சாயங்காலமாவது போனோம். பத்துப் பன்னிரண்டு வருஷம். சபையில் எல்லோருக்கும் தெரியும், தலைவர் உட்பட. பேக்கரி வாசலில் எதிர்ப்பட்டால், "என்ன அம்மிணி, டீ ஆச்சா?" என்பார், கருப்பட்டிக் காப்பியை ஆற்றிக்கொண்டே. ஒருவர்கூட என்னை ஒரு மாதிரிப் பார்த்ததில்லை. ஒருவர்கூட "எப்போ உடப்போறே?" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் பிடிவாதத்துக்கே நான் இன்றுவரை குடித்துக்கொண்டிருப்பேன்.

அத்தனை வருஷமும் ஞாயிற்றுக்கிழமை முதல் பந்தியில் எனக்கு இலை போட்டது உன் அப்பா. இலையைத் துடைத்து, தண்ணீர் தெளித்து, முதலில் ஓரத்தில் உப்பு வைப்பார். பிறகுதான் மற்றதெல்லாம். கட்டிய பெண்டாட்டிக்கு ஊரறியப் பரிமாறுகிற ஆம்பிளையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு பெருமையாக இருந்தது. அதை அவரிடம் நேரில் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன். அவரும் குழுவில் இருக்கிறார்.

நான் கரண்டி கேட்டது எந்தப் பிரசங்கத்தைக் கேட்டும் இல்லை. சபைத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் எங்கள் அப்பா வருவார். பால் வியாபாரிக்கு இங்கே என்ன மரியாதை இருக்கும் என்று முதல் வருஷம் தயங்கித் தயங்கித்தான் வந்தார். தலைவர் கையைப் பிடித்து அழைத்துப்போய் முதல் இலையில் உட்காரவைத்தார். சாப்பிட்டுக் கை கழுவும்போது அப்பா என்னிடம், "எம் பாலுல ஒரு சொட்டு தொடமாட்டேங்கறாங்க. ஆனா எனக்குத்தாம்மா மொத எலை. இவங்கள என்னன்னு சொல்றது?" என்றார். சிரித்தாரா, கண் கலங்கினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. பிறகு அவருக்குக் கை நடுக்கம் வந்தது. அந்த வருஷத் திருவிழாவில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து இலை. ரசம் கேட்டார். பரிமாறுகிறவர்கள் பந்தியின் அந்தக் கோடியில் இருந்தார்கள். ரச வாளி எனக்குக் கை எட்டுகிற தூரத்தில் இருக்கிறது, ஆனால் விருந்தாளி கரண்டியைத் தொடக்கூடாது. அப்பா நடுங்குகிற கையைச் சோற்றில் வைத்தபடியே காத்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து தலைவரிடம் போனேன். "எனக்கொரு கரண்டி குடுங்க, எங்கப்பாவுக்கு நான் ஊத்தோணும்" என்றேன். அவர் ஒன்றுமே கேட்கவில்லை. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, கரண்டியை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். அன்றைக்கு அப்பா இலையில் ரசம் ஊற்றினேன். அதன் பிறகு பேக்கரியில் உன் அப்பாவுக்குச் சொல்கிற டீயே எனக்கும். ஒரு நாள்கூட ஏக்கம் வந்ததில்லை என்று சொன்னால் பொய். வந்தது, போய்விட்டது.

இப்போது நேற்று நடந்ததற்கு வருகிறேன். நீ போன் செய்த அன்றே சாயங்காலம் சுகன்யாவும் என்னைக் கூப்பிட்டாள். "அத்தை, அவரு சொன்ன மாதிரி அந்த ஒரு வரிய நான் சொல்லீர்றனுங்க. ஆனா மறுநாளே நான் முட்டை சாப்பிடாம இருந்துருவேன்னு எனக்கே நம்பிக்கை இல்லீங்க. அந்த வெளக்கு முன்னாடி நின்னு எப்படிங்க பொய் சொல்றது?" என்று கேட்டாள். விளக்கைக் கும்பிடுகிறவர்கள் நாம், அதன் முன் பொய் சொல்லப் பயந்தது அவள். பெண் பார்க்கப் போனபோது எனக்கு அவளைப் பிடித்திருந்தது. போனில் இதைக் கேட்ட அன்றைக்கு அவள் என் மகளாகிவிட்டாள். "ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறு கண்ணு" என்று சொல்லி வைத்தேன்.

ஞாயிறு வழக்கம்போல நான்தான் குழம்பு வைத்தேன். எல்லாம் இறக்கிவைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போய், முதல் பந்தியில் இரண்டு லாரி டிரைவர்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். சாம்பார் வாளியோடு வந்தது யாரென்று நினைக்கிறாய்? குழுவில் அந்தச் சத்திய ஏற்பாட்டை எழுதிப் போட்ட செல்வராசுதான். நல்ல பையன், சபைமேல் உயிரையே வைத்திருக்கிறவன். நம் பிள்ளைகள் வெளியூர் போய்க் கரைந்துபோகிறார்களே என்கிற பயம்தான் அவனை எழுதவைத்தது. அந்தப் பயம் எனக்கும் உண்டு. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"ஏனுங்கக்கா, இங்க வந்து உக்காந்துட்டீங்க? பந்தி விசாரிக்க ஆளில்லீங்களே."

"நான் சத்தியம் பண்ணாம தாலி கட்டிக்கிட்டு வந்தவ, சாமி. இனி அது செல்லாதுன்னு எழுதியிருக்கறியே. அப்போ நான் புடிச்ச கரண்டியும் செல்லாது. விருந்தாளியாட்டமே இருந்துட்டுப் போறேன், எலையப் போடு."

பந்தி முழுக்க எங்கள் பக்கம் திரும்பியது. பக்கத்தில் இருந்த டிரைவர் பாவம், அப்பளத்தைக் கடிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். செல்வராசு முகம் சிவந்துபோனது. அப்போது உன் அப்பா அடுப்படியிலிருந்து வந்தார். என் முன்னால் இலையை விரித்தார், துடைத்தார், தண்ணீர் தெளித்தார். குனிந்து ஓரத்தில் உப்பை வைத்தார். இத்தனை வருஷம் கழித்து அந்த உப்பைப் பார்த்ததும், வீம்போடு உட்கார்ந்திருந்தவள் அழுதுவிட்டேன்.

தலைவருக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் ஆயுசெல்லாம் வெல்டிங் பார்த்த கண். உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். "அந்த அம்மிணி டீக்கடைக்குப் போயிட்டு வந்தது நம்ம அத்தன பேத்துக்கும் தெரியும். ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா இன்னைக்கு இந்தக் கொழம்பு வெக்க ஆளிருக்குமா? செல்வராசு, ஊத்தப்பா, ஆறிப்போவுது." செல்வராசு ஊற்றினான். சாப்பாடு முடிந்ததும் குழுவில் எழுதியதை அவனே அழித்துவிட்டான். என்னிடம் வந்து, "பயத்துல எழுதிட்டனுங்கக்கா" என்றான். இன்னும் இரண்டு மூன்று பேர் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும். அவர்களும் தை மாதம் வாளி தூக்கத்தான் போகிறார்கள்.

ஆக, சுகன்யா சத்தியம் எதுவும் செய்யப்போவதில்லை. அவள் அப்பாவுக்குத்தான் முதல் இலை. அவள் அம்மாவுக்கு நானே ஒப்புட்டு சுட்டுப் போடுவேன், அவர் வேண்டுமானால் மோந்து பார்த்துக்கொள்ளட்டும். கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் வீட்டு அடுப்படியை நீங்கள் இரண்டு பேரும் எப்படிப் பிரித்துக்கொள்வீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். உன் தட்டு உன் சத்தியம், அவள் தட்டு அவள் இஷ்டம். ஒரே ஒரு காரியம் செய்யாதே. "எப்போ உடப்போறே?" என்று மட்டும் கேட்காதே. வாயால் கேட்காதே, முகத்தாலும் கேட்காதே, மூக்கால் கேட்கவே கேட்காதே. அவளுக்கு முட்டை தோசை வேண்டுமென்றால் நீயே கடைக்குக் கூட்டிப்போய், எதிரில் உட்கார்ந்து உன் சாதா தோசையைச் சாப்பிடு. அதைச் செய்வதால் உன் சத்தியத்தில் ஓட்டை விழுந்துவிடாது. என் தலைவலிக்கு டீ வாங்கிக் கொடுத்தவரின் சத்தியத்தில் விழவில்லை.

நேற்று ராத்திரி எல்லாவற்றையும் அவளிடம் போனில் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் கடைசியில், "அத்தை, நான் கடைசி வரைக்கும் கரண்டி கேக்காமயே இருந்துட்டா?" என்றாள். "இருந்துக்கோ. எனக்குத் தெம்பு இருக்கற வரைக்கும் மொத எலை நான் போடறேன், பொறவு உன்ற ஊட்டுக்காரன் போடுவான்" என்று உன் சார்பிலும் வாக்குக் கொடுத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் கொடுத்ததுதான். நடக்கலாம், கண்ணு. நான் என் அப்பாவுக்காக எழுந்த மாதிரி அவள் எழாமலே போகலாம். வயசாகி உன் இடுப்பு வளையாத காலத்திலும் நீ குனிந்து அவளுக்கு இலை போடவேண்டி வரலாம். அதற்கு மனசு ஒப்பினால் மட்டும் தாலியைக் கையில் எடு.

ஒப்பும் என்றால், லீவு போட்டு ஒரு ஞாயிறு முன்கூட்டியே வந்துவிடு. இலையை எப்படித் துடைப்பது, உப்பை எந்த ஓரத்தில் வைப்பது என்று அப்பாவிடம் கேட்டுக்கொள்.

அம்மா